பதினொரு மாதப் பத்திரமும் அறுபது மாதக் கடனும்

கடை தொடங்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களிடம் நாங்கள் கேட்கும் ஆவணங்களுள் ஒன்று, கடை அமையவிருக்கும் இடத்தின் வாடகை ஒப்பந்தம். பெரும்பாலோர் அதை மற்ற ஆவணங்களோடு சேர்த்து ஓர் உறையில் வைத்துக் கொடுத்துவிடுகின்றனர். அதைக் கொடுப்பவர் ஒருமுறையேனும் முழுமையாகப் படித்திருப்பாரா என்பது ஐயமே. கடனுக்கு வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று பலமுறை கேட்டுத் தெளிவு பெறுபவர்கூட, அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கான வருமானம் எந்தக் கூரையின் கீழ் ஈட்டப்படப் போகிறதோ அந்தக் கூரையின் ஆயுளைப் பற்றிக் கேட்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துப் பார்ப்போம். மைசூரு குவெம்பு நகரில் ஒருவர் சிற்றுண்டிக் கடை தொடங்க விரும்புகிறார். மாத வாடகை 35,000 ரூபாய். முன்பணம் பத்து மாத வாடகை, அதாவது 3,50,000 ரூபாய். சமையலறை மேடை, புகைபோக்கி, குளிர்பதனப் பெட்டி, மின்வேலை, மேசை நாற்காலி ஆகியவற்றுக்காக 12 லட்சம் ரூபாய் கடன் பெறுகிறார். ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி, 60 மாதத் தவணை என்று கொண்டால், மாதந்தோறும் ஏறக்குறைய 26,100 ரூபாய் கட்ட வேண்டும். அவர் கையெழுத்திட்ட வாடகைப் பத்திரமோ பதினொரு மாதத்திற்கானது. பதினோராம் மாத இறுதியில் உரிமையாளர் புதுப்பிக்க மறுத்தால், கடனில் இன்னும் பத்தே கால் லட்சம் ரூபாய்க்கு மேல் நிலுவை இருக்கும். மேடையையும் புகைபோக்கியையும் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் பொருத்த முடியுமா என்பதுகூட அந்தப் பத்திரத்தின் சொற்களைப் பொறுத்தது.

கடையை வாடகைக்கு எடுக்குமுன் ஒப்பந்தத்தை ஒரு வழக்குரைஞரிடம் காட்டிக் கருத்துப் பெறுவது வீண் செலவன்று என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இந்தப் பொருத்தமின்மையே முதற்காரணம். பேச்சுவழக்கில் இங்கு ‘லீஸ்’ என்று சொன்னால், பெருந்தொகையைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் போக்கிய முறையைப் பலரும் எண்ணிக்கொள்வர். இக்கட்டுரையில் நாங்கள் பேசுவது அதைப் பற்றியன்று. மாத வாடகைக்கு எடுக்கும் கடைகளையும் அலுவலகங்களையும் பற்றி மட்டுமே.

சட்டத்தின் நிழல் எங்கே முடிகிறது

வாடகைச் சட்டம் குடியிருப்பவரைக் காக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பழைய கடைவீதிகளில் பல்லாண்டுகளாகச் சிறு வாடகையில் இருந்துவரும் கடைகளைப் பார்த்து உருவான நம்பிக்கை அது. கர்நாடகத்தில் இப்போது நடைமுறையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம். வணிகத்திற்குப் பயன்படும் இடங்களைப் பொறுத்தவரை, 14 சதுர மீட்டருக்கு மேற்படாத, அதாவது ஏறக்குறைய 150 சதுர அடிக்குள் அடங்கும் சிறு கடைகளுக்கே அச்சட்டம் இடம் தருகிறது. தேவராஜ அரசு சாலையிலோ காளிதாசர் சாலையிலோ இன்று ஒருவர் எடுக்கும் கடை பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியதாகவே இருக்கும்.

அப்படித் தாண்டிய கடைக்கு வாடகைச் சட்டத்தின் காப்பு இல்லை. அங்கே ஆள்வது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். அச்சட்டமோ பல இடங்களில், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை இவ்வாறு என்றே பேசுகிறது. ஆகவே கடைக்காரரின் உரிமை எது என்பதற்கு விடை பெரும்பாலும் சட்டப் புத்தகத்தில் இல்லை. அவர் கையெழுத்திட்ட தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கன்னடத்தைச் சரளமாகப் பேசும் தமிழ் வணிகர்கள் மைசூருவில் பலர் உண்டு. ஆனால் சட்டக் கன்னடத்தைப் படித்துப் பொருள் கொள்வது வேறு. உரிமையாளரின் எழுத்தர் வாய்மொழியாகச் சொன்ன சாரத்தை நம்பிக் கையெழுத்திடுவது, படிக்காமல் கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும்.

பதிவு என்னும் முதற்கேள்வி

பதினொரு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? சொத்து மாற்றச் சட்டத்தின் 107ஆம் பிரிவும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கின்றன. பதிவுச் செலவையும் முத்திரைத் தீர்வையையும் தவிர்க்க, ஓராண்டுக்கு ஒரு மாதம் குறைவாக எழுதும் வழக்கம் பரவிவிட்டது. குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு அது பெரிய இடரில்லாமல் இருக்கலாம். பல லட்சம் ரூபாய் முதலீடு செய்யும் கடைக்கு அது பொருந்தாது.

இதனினும் ஆபத்தானது, ஐந்தாண்டு என்று எழுதிப் பதிவு செய்யாமல் விடுவது. அப்படிப்பட்ட பத்திரம் ஒன்று கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்தோணி எதிர் கே.சி. இட்டூப் அண்டு சன்ஸ் என்ற அவ்வழக்கில் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. பதிவு செய்யப்படாத ஐந்தாண்டுப் பத்திரம் ஐந்தாண்டுக் குத்தகையை உருவாக்காது. இடம் ஒப்படைக்கப்பட்டு வாடகை வாங்கப்பட்டதால் மாதாமாத வாடகை உறவு மட்டுமே உண்டாகும் என்பது அதன் சாரம். மாதாமாத வாடகையை முடிவுக்குக் கொண்டுவர, சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி 15 நாள் அறிவிப்புப் போதும். அறுபது மாதக் கடனைச் சுமப்பவரின் இடம் பதினைந்து நாள் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நோட்டரியின் முத்திரை பதிவுக்கு ஈடாகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரியிடம் சான்று பெற்றுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகாத வரை, நீண்டகாலக் குத்தகைக்குச் சட்டம் கேட்கும் தகுதி அதற்கு இல்லை. முத்திரைத் தீர்வையைக் குறைத்துக் கட்டுவதும் அவ்வாறே பின்னால் வந்து உறுத்தும். உரிய தீர்வை செலுத்தப்படாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்க வேண்டுமாயின், கர்நாடக முத்திரைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி குறைவுத் தொகையோடு அதன் பத்து மடங்கு அபராதமும் கட்ட வேண்டும் என்பதை, கங்கப்பா எதிர் ஃபக்கிரப்பா என்ற கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அவ்வழக்கு விற்பனை ஒப்பந்தம் பற்றியது. எனினும் அதே பிரிவுதான் வாடகைப் பத்திரத்துக்கும் பொருந்தும். தகராறு வரும் நாளில்தான் பத்திரம் தேவைப்படுகிறது. அந்த நாளில்தான் அபராதமும் எதிரே நிற்கிறது.

தலைப்பு ஒன்று, பொருள் வேறு

சில உரிமையாளர்கள் வாடகை ஒப்பந்தம் என்று எழுதாமல் உரிம ஒப்பந்தம் என்று எழுதுவர். குத்தகை பெற்றவருக்கு இடத்தின்மீது ஓர் உரிமை உண்டு. உரிமம் பெற்றவருக்கோ இடத்தைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. தலைப்பை மாற்றினால் பொருளும் மாறிவிடுமா? 1959ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கண்டது. புது டெல்லியின் இம்பீரியல் ஹோட்டலில் சில அறைகளை எடுத்து முடிதிருத்தும் நிலையம் நடத்திவந்தவர் தொடர்பான வழக்கு அது. பத்திரத்தின் பெயர் எதுவாயினும், இடத்தைத் தனித்துக் கைக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருக்கிறதா என்பதும், தரப்பினரின் உண்மையான எண்ணம் என்ன என்பதுமே முக்கியம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். உரிமம் என்று பெயரிட்ட அப்பத்திரம் குத்தகையே என்று கொண்டனர்.

இந்தத் தீர்ப்பு கடைக்காரருக்கு ஆறுதலாகத் தோன்றலாம். ஆயினும் அதைச் சொல்லி வெல்ல, நீதிமன்றம் சென்றாக வேண்டும். ஒரு வணிக வளாகத்தில் சிறு கடை எடுப்பவர், தம் கையிலுள்ள பத்திரம் இவ்விரண்டில் எது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வழக்குரைஞரிடம் கேட்டறிந்தால், அந்த நெடும்பயணம் தேவைப்படாது.

கட்டடம் இடிந்தால்

மைசூருவாசிகளுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2012 ஆகஸ்ட் 25 அன்று நகரின் நடுவேயுள்ள பழம்பெரும் லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து நான்கு உயிர்களைப் பறித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்ட் 28 அன்று, சயாஜிராவ் சாலையை ஒட்டிய தேவராஜ சந்தையின் ஒரு பகுதி சரிந்தது. பூவும் வாழைப்பழமும் குங்குமமும் விற்கும் அச்சந்தை மைசூருவின் முகங்களுள் ஒன்று. இரு கட்டடங்களையும் பழுது பார்த்துக் காப்பதா, இடித்துப் புதிதாகக் கட்டுவதா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நிபுணர் குழுக்களிடையேயும் நீதிமன்றத்திலும் நடந்தது. மரபுச் சின்னங்களைப் பற்றிய அந்த விவாதத்தின் நடுவே, அங்கே கடை வைத்திருந்தவர்களின் கேள்வி எளிமையானது: எங்கே போவது, திரும்பி வருவதற்கு உரிமை உண்டா, அதுவரை வாடகையும் வருமானமும் என்னாகும்?

அவை மாநகராட்சியின் கட்டடங்கள். அங்குள்ளோரின் நிலை தனி விதிகளுக்கு உட்பட்டது. ஆனால் தனியார் கட்டடத்தில் கடை எடுப்பவருக்கும் அதே கேள்விகள் எழும். சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தீ, புயல், வெள்ளம் போன்ற தடுக்கவியலாத ஆற்றலால் இடம் அழிந்து பயன்படாமற் போனால், குத்தகையை முடித்துக்கொள்ளும் விருப்பத்தை வாடகைதாரருக்கே தருகிறது. சேதம் அவருடைய தவறால் விளைந்திருக்கக் கூடாது. கட்டடம் மறைந்தால் குத்தகையும் தானே மறைந்துவிடுமா என்ற கேள்விக்கு, ஷா ரத்தன்சி கிம்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2014இல் விடையளித்தது. நகராட்சி இடித்த கட்டடத்தைப் பற்றிய வழக்கு அது. கட்டடம் இடிக்கப்பட்டதாலேயே குத்தகை முடிந்துவிடாது, ஏனெனில் அது நின்ற நிலமும் குத்தகையில் அடங்கும் என்பது தீர்ப்பின் அடிப்படை.

உரிமை இருக்கிறது என்பதும் அதைப் பயன்படுத்த முடிகிறது என்பதும் ஒன்றல்ல. பழைய கட்டடத்தில் இடம் எடுக்கும்போது, கட்டடம் மூடப்படும் மாதங்களுக்கு வாடகை உண்டா, புதிதாகக் கட்டியபின் அதே அளவு இடம் திரும்பக் கிடைக்குமா, பெரும்பழுதுக்குப் பொறுப்பு யார் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுத வைப்பது வழக்குரைஞரின் வேலை. பெரும்பழுதைச் செய்வது உரிமையாளரின் கடமை என்று பத்திரம் தெளிவாகச் சொன்னால்தான், அவர் செய்யத் தவறும்போது தாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளும் வழி வாடகைதாரருக்குத் திறக்கும்.

அதே கட்டடத்தின் மீது இன்னொரு கடன்

வங்கியாளர்கள் என்ற முறையில் நாங்கள் அதிகம் கவலைப்படும் இடம் இது. நீங்கள் வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தை அதன் உரிமையாளர் ஏதேனும் ஒரு வங்கியில் அடமானம் வைத்திருக்கலாம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதை அறியாமல் நீங்கள் கையெழுத்திடுவது தவறு.

அடமானம் வைத்தவர் தம் வசமுள்ள கட்டடத்தை வாடகைக்கு விட, சொத்து மாற்றச் சட்டத்தின் 65அ பிரிவு சில நிபந்தனைகளோடு இடமளிக்கிறது. கட்டடத்தைப் பொறுத்தவரை அந்தக் குத்தகை மூன்றாண்டைத் தாண்டக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அடமானப் பத்திரத்தில் இந்த அதிகாரமும் விலக்கப்பட்டிருக்கலாம். ஆகவே, அடமானத்திற்குப் பின், வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி எழுதப்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் உரிமையாளரைக் கட்டுப்படுத்தினாலும் வங்கியைக் கட்டுப்படுத்தாமற் போகலாம். உரிமையாளர் தவணை கட்டத் தவறி, 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி இடத்தைக் கைக்கொள்ள வரும்போது, ஒழுங்காக வாடகை செலுத்திவந்த கடைக்காரரும் வெளியேற நேரிடலாம். அவர் கொடுத்த முன்பணமோ உரிமையாளரிடம் சிக்கியிருக்கும்.

இதைத் தவிர்க்கும் வழி கடினமானதன்று. வழக்குரைஞர் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தையன்று, உரிமையாளரின் சொத்து ஆவணங்களை. காத்தா யார் பெயரில் இருக்கிறது? வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது? கர்நாடகத்தில் காவேரி இணையதளம் வழியாக வில்லங்கச் சான்றைப் பெறலாம். மூலப் பத்திரங்களை ஒப்படைத்து வைக்கும் அடமானம் அதில் எப்போதும் தென்படும் என்று சொல்வதற்கில்லை. ஆகையால் செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவேட்டிலும் சிறு கட்டணம் செலுத்தித் தேட வேண்டும். அடமானம் இருப்பது தெரிந்தால், கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதல் கடிதத்தை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்ல வேண்டும். சொத்து பல வாரிசுகளுக்கு உரியதாயின் அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா, அல்லது கையெழுத்திடுபவரிடம் உரிய அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்பதும் இந்நிலையிலேயே தெரியவரும்.

எண்களில் மறைந்திருப்பவை

பேரம் பேசுவோர் மாத வாடகையைத்தான் பேசுகின்றனர். உயர்வு விகிதத்தைக் கவனிப்பதில்லை. நம் எடுத்துக்காட்டில் 35,000 ரூபாய் வாடகை, பதினொரு மாதத்துக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர்வதாகக் கொள்வோம். கடன் முடியும் அறுபதாம் மாதத்திற்குள் ஐந்து உயர்வுகள் வந்திருக்கும். வாடகை 56,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 விழுக்காடு என்று எழுதியிருந்தால் அதே மாதத்தில் வாடகை 40,250 ரூபாய். பத்திரத்தில் ஒரு வரிதான் வேறுபடுகிறது. கடைசி மாதங்களில் அதன் விலை மாதத்துக்கு 16,000 ரூபாய்.

வரியும் கணக்கில் சேர வேண்டும். வணிக இட வாடகைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாத உரிமையாளரிடமிருந்து பதிவு பெற்ற வணிகர் இடம் எடுத்தால், அந்த வரியை வணிகரே நேரடியாக அரசுக்குச் செலுத்த வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. 35,000 ரூபாய் வாடகைக்கு அது 6,300 ரூபாய். வாடகைத் தொகை வரி உட்பட்டதா, வரி நீங்கலாகவா என்பதை ஒப்பந்தம் சொல்லாவிடில் பின்னால் மனக்கசப்பு உறுதி.

இடையில் காலி செய்யக் கூடாத காலத்தை ‘லாக்-இன்’ என்பர். அது கடைக்காரரை மட்டும் கட்டிப்போட்டு, உரிமையாளர் எந்நேரமும் ஒரு மாத அறிவிப்பில் வெளியேற்றலாம் என்று எழுதப்பட்டிருந்தால், அந்த ஒப்பந்தம் ஒரு பக்கம் மட்டுமே பூட்டும் கதவு. இருவரையும் ஒரே அளவில் கட்டுப்படுத்துவதாகவோ, கடைக்காரருக்குச் சற்றுத் தளர்வாகவோ அதை மாற்றக் கேட்கலாம். புதுப்பித்தல் பற்றி ‘இருவரும் ஒப்பினால்’ என்று இருந்தால் அது உரிமையன்று, விருப்பம். வாடகைதாரர் குறித்த காலத்துக்குள் எழுத்துமூலம் கேட்டால், முன்பே வகுத்த வாடகையில் உரிமையாளர் புதுப்பிக்க வேண்டும் என்று இருந்தால்தான் உரிமை.

யாரை அமர்த்துவது

உரிமையாளரின் வழக்குரைஞரே ஒப்பந்தத்தை எழுதியிருப்பார். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் உங்களுக்காகப் பணிபுரிபவரல்லர். எங்கள் வங்கியின் குழுவிலுள்ள வழக்குரைஞர்கள் பற்றியும் அதையே வெளிப்படையாகச் சொல்கிறோம். உங்கள் கடன் விண்ணப்பத்தில் அவர்கள் தரும் சட்டக் கருத்து வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைப் பற்றியது. வாடகை உயர்வு உங்களை நசுக்குமா, முன்பணம் எப்போது திரும்பும் என்பவை அதில் இடம்பெறா. வங்கி கடன் கொடுத்துவிட்டது, ஆகவே ஒப்பந்தம் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவது பிழை.

பத்திர எழுத்தர் மாதிரிப் படிவத்தை நிரப்பித் தருபவர். ஒப்பந்தத்தை எடைபோட்டுச் சொல்லும் பொறுப்பு அவருக்கில்லை. வழக்குரைஞர்கள் விளம்பரம் செய்வதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. ஆகவே விளம்பரத்தைக் கண்டு தேர்ந்தெடுக்கும் துறையன்று இது. அதே வீதியில் கடை நடத்தும் வணிகர்கள், வணிகர் சங்கம், உங்கள் கணக்காளர் ஆகியோரிடம் விசாரியுங்கள். நீங்கள் தேடுவது சொத்து, குத்தகை ஆவணங்களில் பழகியவரை. குற்ற வழக்கில் புகழ்பெற்றவரை அன்று. கர்நாடக மாநில பார் கவுன்சிலில் அவர் பெற்ற பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பாகாது. கன்னட ஆவணத்தைப் படித்து உங்களுக்குத் தமிழிலோ நீங்கள் அறிந்த மொழியிலோ விளக்கக்கூடியவராக இருந்தால் நன்று.

கட்டணம் ஒரு தடையாக இருப்பவர்களுக்கும் வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறித்த வரம்புக்குக் குறைந்த வருமானமுடையோர் ஆகியோர் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. தம் பெயரில் தையற்கடையோ அழகு நிலையமோ தொடங்கும் பெண், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம். தேசிய உதவி எண் 15100.

எப்படிப் பணிபெறுவது

வழக்குரைஞரைச் சந்திக்க வேண்டிய நேரம், முன்பணம் கொடுப்பதற்கு முன். டோக்கன் தொகை கொடுத்தபின் பேரத்தில் உங்கள் குரல் தாழ்ந்துவிடுகிறது. உரிமையாளர் அவசரப்படுத்தினால், ஒப்பந்தத்தின் நகலை ஒரு வாரம் தாருங்கள் என்று கேளுங்கள். ஒரு வாரம் தர மறுப்பவரோடு ஐந்தாண்டு எவ்வாறு கழியும் என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

கட்டணத்தை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துக் கருத்துச் சொல்வது ஒன்று. சொத்து ஆவணங்களைச் சரிபார்ப்பது மற்றொன்று. திருத்தங்களை எழுதி எதிர்த்தரப்போடு பேசி, பதிவு முடியும்வரை உடனிருப்பது வேறொன்று. எது வேண்டும், எதற்கு எவ்வளவு என்பது தெளிவாக இருந்தால் பின்னால் வருத்தமில்லை. கருத்தை எழுத்தில் கேளுங்கள். நல்ல கருத்துரை பல பக்கம் நீள வேண்டியதில்லை. எந்தப் பிரிவை மாற்றாமல் கையெழுத்திடக் கூடாது, எதை மாற்றினால் நல்லது, எதை அப்படியே ஏற்கலாம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினால் போதும்.

அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. என்ன தொழில், எவ்வளவு கடன், எத்தனை மாதத் தவணை, எந்தப் பொருள்களைச் சுவரிலும் தரையிலும் பொருத்தப் போகிறீர்கள் என்பவற்றை அவர் அறிய வேண்டும். ‘பொதுக் கடை’ என்று எழுதிய இடத்தில் உணவகம் நடத்தினால், மாநகராட்சியின் தொழில் உரிமமும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் பெறுவதில் சிக்கல் எழலாம். பயன்பாட்டை மீறியதாக உரிமையாளரும் குற்றஞ்சாட்டலாம்.

கையெழுத்துக்கு முன்

வழக்குரைஞரின் மேசையில் அமர்ந்திருக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளை இங்கே தொகுத்துத் தருகிறோம். இந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

1. ஒப்பந்தக் காலம் என் கடன் காலத்தை உள்ளடக்குகிறதா? புதுப்பிக்கும் உரிமை என் கையில் இருக்கிறதா?
2. இது பதிவு செய்யப்படுமா? முத்திரைத் தீர்வை எவ்வளவு, யார் கட்டுவது?
3. உரிமையாளருக்கு முழு உரிமை இருக்கிறதா? கட்டடம் அடமானத்தில் உள்ளதா? வங்கியின் ஒப்புதல் எங்கே?
4. அறுபதாம் மாதத்தில் வாடகை எவ்வளவாக இருக்கும்? வரி சேர்த்தா, நீங்கலாகவா?
5. முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? எவற்றைக் கழிக்கலாம்? கட்டடம் விற்கப்பட்டால் அதைத் தர வேண்டியவர் யார்?
6. நான் பொருத்தியவற்றைக் காலி செய்யும்போது எடுத்துச் செல்லலாமா?
7. என் தொழிலை இங்கே நடத்தப் பத்திரமும் உரிமங்களும் அனுமதிக்கின்றனவா? உரிமையாளரின் மறுப்பின்மைக் கடிதம் கிடைக்குமா?
8. மின் இணைப்பு வணிகப் பயன்பாட்டுக்கானதா? பழைய மின் கட்டண, தண்ணீர் வரி பாக்கி இருக்கிறதா?
9. பெரும்பழுது யார் பொறுப்பு? கட்டடம் மூடப்பட்டால் வாடகை நிற்குமா?
10. தொழிலை விற்கவோ கூட்டாளி சேர்க்கவோ நேர்ந்தால், எனக்கு ஏதேனும் நேர்ந்து என் குடும்பத்தார் நடத்த நேர்ந்தால், குத்தகை தொடருமா?

இவை அனைத்தையும் உரிமையாளர் ஒப்புக்கொள்வார் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல இடத்துக்குப் போட்டி அதிகம். சிலவற்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறிந்து விட்டுக்கொடுப்பதற்கும் அறியாமல் இழப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டுக்குத்தான் வழக்குரைஞரின் கட்டணம். ஐந்தாண்டு கிடைக்கவில்லை, மூன்றாண்டுதான் என்று தெரிந்தால், கடனையும் மூன்றாண்டுக்குள் முடியுமாறு சிறிதாக வாங்கலாம். அல்லது சுவரில் பதிக்கும் வேலையைக் குறைத்து, எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களில் பணத்தைப் போடலாம்.

ஆகவே எங்கள் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கையெழுத்தான ஒப்பந்தத்தை அல்ல, கையெழுத்தாகாத வரைவைக் கொண்டு வாருங்கள். வழக்குரைஞரின் கருத்துரையும் உடனிருந்தால், கடன் காலத்தை ஒப்பந்தக் காலத்தோடு பொருத்தி அமைக்க எங்களாலும் இயலும். கையெழுத்து விழுந்த பிறகு நாங்கள் மாற்றக்கூடியது தவணையின் தேதியை மட்டுமே.